பவுடருக்கு அடியில் ஒரு கோடு

என் பட்டறைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். பெயிண்ட் அடிக்கலாமா, பவுடர் போடலாமா? பல வருஷமாக இதற்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. அதையும் சும்மா சொல்ல மாட்டேன். பெயிண்ட் என்ற வார்த்தையைக் கேட்டதுமே முகத்தைச் சுளித்து, உதட்டைப் பிதுக்கி, பிறகுதான் சொல்வேன். இப்போது யாராவது கேட்டால் சட்டென்று வாய் வருவதில்லை. வண்டியை எங்கே ஓட்டுவீர்கள், அடியில் குனிந்து பார்க்கிற பழக்கம் உண்டா என்று திருப்பிக் கேட்கிறேன். வந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

பட்டறை திருவொற்றியூரில், தகரக் கூரைக்கு அடியில் இருக்கிறது. ஒரு மூலையில் இரும்பின் மேல் மணலை வீசி அடித்துச் சுத்தம் செய்கிற அறை. இன்னொரு மூலையில் பவுடர் தெளிக்கிற கூண்டு. நடுவில் அடுப்பு. ஆள் நிமிர்ந்து உள்ளே நடக்கலாம், அவ்வளவு பெரியது. சுத்தம் செய்த இரும்பைக் கொக்கியில் மாட்டி, கரண்ட் ஏற்றிய பவுடரைத் தெளித்தால் அது இரும்பைப் போய்க் கவ்விக்கொள்ளும். அடுப்புக்குள் தள்ளிச் சுட்டால் உருகி ஒரே தோலாகப் படியும். சுத்தியலால் தட்டினாலும் லேசில் பெயராது. முதலில் கேட், கிரில், ஆஸ்பத்திரிக் கட்டில் என்று வந்துகொண்டிருந்தது. கொஞ்ச காலமாகக் காடுமேடெல்லாம் வண்டி ஓட்டுகிற ஆட்கள், ஜீப்பும் பிக்கப்புமாக, கீழ்ப் பாகங்களைக் கழற்றிக்கொண்டு வருகிறார்கள்.

இதற்கு முன் மணலியில் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் இருந்தேன். வார்ப்பு இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிற பிரிவு. ஒரு சிவப்புத் திரவத்தைத் தடவி, கொஞ்ச நேரம் விட்டு, துடைத்து எடுத்து, மேலே வெள்ளைப் பொடியைத் தூவ வேண்டும். எங்கேயாவது மயிரிழை விரிசல் இருந்தால் உள்ளே போன சிவப்பு மெல்ல வெளியே வந்து வெள்ளையில் கோடு போடும். பதினோரு வருஷம் அந்தக் கோட்டைத் தேடியதுதான் என் பிழைப்பு. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் என் மானம் இன்னும் போகும்.

என் தம்பி காசிமேட்டில் இருக்கிறான். நாங்கள் பிறந்து வளர்ந்ததும் அங்கேதான். விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். அதோடு ஒரு பழைய பிக்கப் வண்டியும் வைத்திருந்தான். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. எண்ணூரைத் தாண்டி பழவேற்காடு போகிற வழியில், கரை மணலில், படகைக் கட்டி இழுக்க அதைத்தான் கூப்பிடுவார்கள். மீன்பிடித் தடைக் காலம் வந்தால் எங்கள் ஆட்கள் படகைச் சுரண்டி, எண்ணெய் பூசி, பெயிண்ட் அடிப்பார்கள். இவன் கையோடு வண்டிக்கு அடியிலும் படுத்துக்கொண்டு மீன் எண்ணெயைப் பூசிவிடுவான். உப்புக் காற்றுக்கு இதை விட்டால் மருந்து கிடையாது என்பான். வண்டி வருகிற வாசனையே தெருமுனையில் தெரிந்துவிடும்.

அந்த வருஷம் தடைக் காலத்தில் அவனுக்கு ஒரு வேலை கிடைத்தது. வடகிழக்கே எங்கேயோ மலை மேல் கரண்ட் டவர் நடுகிறார்கள், சாமான் ஏற்ற நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி டிரைவரோடு வேண்டும் என்று ஒரு கான்ட்ராக்டர் ஆள் தேடினார். கடலுக்குத்தான் போக முடியாதே, ரெண்டு மாசம் மலையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒப்புக்கொண்டான். போவதற்கு முன் வண்டியின் கீழ்ப் பாகங்களுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடிக்கப் போவதாகச் சொன்னான். எனக்கு வந்ததே கோபம்.

"பவுடர் பட்டறை வச்சிகினு ஒரு அக்கா குத்துக்கல்லாட்டம் கீறேன். நீ பிரஷ்ஷாலயாடா அடிக்கப் போற?"

"பிரஷ்ஷுக்கு இன்னாக்கா? ரெட் ஆக்சைடு ஒரு கை, எனாமல் ஒரு கை. வருஷத்துக்கு ஒருவாட்டி சொரண்டிட்டு மறுபடி அடிச்சிக்கலாம். உள்ள துரு கெளம்பினா மேல தெரியும். படகுல நாம அப்டித்தானே பாக்கறோம்?"

"கெளம்பினாத்தானேடா தெரியணும்? நான் கெளம்பவே உடமாட்டேன்."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். அக்கா தொண்டையைத் திறந்தால் தம்பி அடங்கிவிடுவான், எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான். சரி, உன் இஷ்டம் என்று போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்து ஷேர் ஆட்டோவில் சாக்கு மூட்டைகளோடு வந்து இறங்கினான். அவிழ்த்தால் குப்பென்று மீன் எண்ணெய் நாற்றம். எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, பழைய பெயிண்டை எல்லாம் வயர் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்திருக்கிறான். வெறும் இரும்பு காசிமேட்டுக் காற்றில் ஒரு ராத்திரி கிடந்தால் துருவேறிவிடும் என்று, ஒவ்வொரு பாகத்திலும் எண்ணெயைக் கையால் வழித்து வழித்துப் பூசியிருக்கிறான். குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி ஒரு இடுக்கு விடாமல்.

பவுடருக்கும் எண்ணெய்க்கும் ஜென்மப் பகை. துளி எண்ணெய் இருந்தாலும் சுடும்போது கொப்புளம் வரும். நான் அன்று அவனைத் திட்டியதை நினைத்தால் இப்போதும் காது கூசுகிறது. கஸ்மாலம் என்றேன். மண்டையில இன்னாடா கீது, மீன் குடலா என்றேன். உன் நாத்தம் புடிச்ச எண்ணெய் என் கோட்டிங்கை நாசம் பண்ணிடும், இரும்பையே நாசம் பண்ணிடும் என்று கூட வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இரும்பை எண்ணெய் ஒன்றும் செய்யாது. கோபத்தில் சொன்னது. பக்கத்துப் பட்டறை ஆட்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, கையில் இருந்த எண்ணெயைத் தன் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு நின்றான்.

கழுவினேன். மணல் அடித்தேன். பவுடர் தெளித்து அடுப்பில் தள்ளினேன். எல்லாம் நன்றாகவே வந்தது, ஒன்றைத் தவிர. முன்சக்கரத்தைக் கீழிருந்து பிடித்துக்கொள்கிற இரும்புக் கை இருக்கிறதே, லோயர் ஆர்ம் என்பார்கள், அதில் இடது பக்கத்தது. அதன் முனைக்குக் கொஞ்சம் உள்ளே, சுண்டு விரல் நீளத்துக்கு, பவுடரைக் கிழித்துக்கொண்டு பழுப்பாக ஒரு கோடு கசிந்திருந்தது.

வெல்டிங் இணைப்புக்குள் எண்ணெய் தங்கியிருக்கிறது, சூட்டில் கொதித்து வெளியே வருகிறது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பது கூடச் சரியில்லை. நினைக்கவே இல்லை, அவனை இன்னொரு தரம் திட்டினேன், அவ்வளவுதான். பவுடரைச் சுரண்டி எடுத்து, தின்னர் போட்டுத் துடைத்து, வெறும் இரும்பாகவே அடுப்பில் வைத்தேன். மறுபடி கோடு வேர்த்தது. துடைத்தேன். மறுபடி வைத்தேன். மூன்றாவது தடவை எதுவும் வரவில்லை. அப்பாடா என்று மேலே பவுடரைத் தெளித்துச் சுட்டேன். கண்ணாடி மாதிரி வந்தது. என் பட்டறையில் வந்த நல்ல கோட்டிங்குகளில் அது ஒன்று. அதைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் கூட வைத்தேன்.

வண்டி கிளம்புகிற அன்று காசிமேட்டுக்குப் போனேன். பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து அனுப்பினோம். எல்லாரும் அவனுக்குக் கையாட்டிக்கொண்டிருக்க, நான் குனிந்து வண்டிக்கு அடியில் என் கறுப்பு மினுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஜன்னலில் தலையை நீட்டி, "ஒரு கீறல் பட உடமாட்டேன்க்கா" என்றான்.

இரண்டு வாரம் போயிருக்கும். கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிற ஒருவர், வாரக் கடைசியில் மலைப் பாதைகளில் வண்டி ஓட்டுகிறவர், தன் வண்டியின் பாகங்களைக் கொண்டுவந்தார். தம்பி வண்டியின் அதே ரகம், அதே லோயர் ஆர்ம். நான் மணல் அடித்து எடுத்து, தின்னர் துணியால் துடைத்துக்கொண்டே, வெல்டிங் இணைப்பு எங்கே என்று விரலால் தேடினேன். அந்த இடத்தில் கசியும், முதலிலேயே காய்ச்சி எடுத்துவிடலாம் என்ற முன்யோசனை. விரல் இரும்பின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போனது. இணைப்பு எதுவும் இல்லை. திருப்பிப் போட்டுத் தேடினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினேன். அது ஒரே துண்டாக அடித்து எடுத்த இரும்பு. அதில் வெல்டிங்கே கிடையாது.

பவுடர் வந்த அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். இணைப்பு இல்லாத இரும்பில் எண்ணெய் எந்த வழியாக உள்ளே போயிருக்கும், எந்த வழியாக வெளியே வந்திருக்கும்? மணலியில் சிவப்புத் திரவம் செய்கிற வேலையை என் தம்பியின் மீன் எண்ணெய் எனக்குச் செய்து காட்டியிருக்கிறது. ஒரு முறை இல்லை, இரண்டு முறை. விரிசல் இங்கே இருக்கிறது, இவ்வளவு நீளம் என்று அளவெடுத்துக் காட்டியிருக்கிறது. பதினோரு வருஷம் அதே கோட்டைத் தேடிச் சம்பளம் வாங்கிய நான் அதைத் துடைத்துத் துடைத்து அழித்து, காய்ச்சி, மேலே கெட்டியாக ஒரு தோலும் போட்டு அனுப்பிவிட்டேன். அவன் சொன்ன பெயிண்ட் அடித்திருந்தால் ஒரு மழைக்கே அந்த இடத்தில் துரு கோடாக எட்டிப் பார்த்திருக்கும். அவன் தினமும் குனிந்து பார்க்கிறவன், அவனுக்குத் தெரிந்திருக்கும். என் பவுடர் எதையும் வெளியே விடாது. அதற்காகத்தானே அதைப் புகழ்கிறேன்.

போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. வாட்ஸப்பில் பேசிப் பேசி அனுப்பினேன். இடது பக்கம் லோயர் ஆர்மைப் பாருடா, அந்த எண்ணெய் கோடுடா, அங்கே சொரண்டிப் பாரு, வண்டியை எடுக்காதே, என் கண்ணு இல்ல, எடுக்காதே. அழுகையில் பாதி எனக்கே புரியவில்லை. எல்லாவற்றுக்கும் ஒற்றை டிக். கான்ட்ராக்டர் ஆபீஸுக்குப் போட்டால் இந்திக்காரர் ஒருவர் எடுத்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கெஞ்சினேன். மேலே முகாமுக்கு லைன் கிடையாது, ஆள் இறங்கி வந்தால் சொல்கிறோம் என்றார். அடுத்த நாள் போட்டேன், அதையே சொன்னார். அதற்கு அடுத்த நாள் என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். மலை எந்த ஊரில் இருக்கிறது என்று கூட எனக்குத் தெரியாது. திருவொற்றியூரில் நின்றுகொண்டு நான் என்ன செய்ய முடியும்?

தம்பி பொண்டாட்டி காசிமேட்டில் மீன் விற்கிறவள். ஏலம் முடிந்து, வியாபாரம் முடிந்து, மத்தியானம் என் பட்டறைப் பக்கம் வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போவாள். "டவர் நடப் போனவருக்கே டவர் கெடைக்கல பாரு அண்ணி" என்று சிரிப்பாள். நான் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். அவள் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிடுவேன். இங்கே இருந்துகொண்டு அவளும் என்ன செய்யப் போகிறாள், பாவம், பயந்து சாவாள் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அது முழு நிஜம் இல்லை. என் தப்பை அவளிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. டீயைக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

ஒரு நாள் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணி, அவரு பேசினாரு! காலைல, கூடை தூக்கிகினு இருக்கசொல. எவனோ சரக்கு லாரிக்காரன் போன்ல. அரை நிமிஷம்தான். நல்லா கீறேன், குளுருதுன்னாரு. அக்கா கைல சொல்லு, கோட்டிங் சோக்கா கீது, இத்தினி கல்லுல ஓட்டியும் ஒரு கீறல் இல்லன்னாரு."

அந்த நம்பரை வாங்கிப் போட்டேன். லாரிக்காரர் எடுத்தார். அவர் மலையை விட்டு இறங்கி வெகு தூரம் வந்துவிட்டார், மறுபடி மேலே போக ஒரு வாரம் ஆகுமாம். அரை நிமிஷம் கிடைத்திருக்கிறது. இடது பக்கம் சொரண்டிப் பாரு என்று சொல்ல அரை நிமிஷத்தில் பாதி கூட வேண்டாம். சொல்லத் தெரிந்த ஆளுக்குப் போன் வரவில்லை, போன் வந்த ஆளுக்கு நான் சொல்லி வைக்கவில்லை. அன்றைக்குத்தான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனாள்.

அதற்கு நாலாம் நாள் அந்த இரும்புக் கை உடைந்தது. ஏற்றத்தில், மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போதே இடது சக்கரம் மடங்கிவிட்டது. நல்லவேளை, இடது பக்கம் மலை. வண்டி மலை மேல் சாய்ந்தது. அவன் வலது பக்கம் குதித்தான், பாரத்தோடு வண்டி பின்னால் உருண்டு அவன் வலது பாதத்தின் மேல் ஏறிவிட்டது. உயிர் இருக்கிறது என்று ஆஸ்பத்திரியிலிருந்து அவனே பேசினான். என் பழைய மெசேஜ்கள் எல்லாம் அங்கே லைன் கிடைத்த பிறகுதான் ஒன்றன் பின் ஒன்றாக அவன் போனில் வந்து விழுந்திருக்கின்றன. எனக்கும் அப்போதுதான் இரண்டு டிக் தெரிந்தது.

ரயிலில் வந்து சென்ட்ரலில் இறங்கினான். கக்கத்தில் ஊன்றுகட்டை. பாதத்தில் பாதி இல்லை. ஆடுகிற படகில் இனி அவனால் நிற்க முடியாது, பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் பையில் உடைந்த துண்டைப் பத்திரமாகச் சுற்றி எடுத்து வந்திருந்தான். வீட்டில் வைத்துப் பிரித்துக் காட்டினான். உடைந்த பரப்பில் பாதி வெளுப்பு, அது புதிதாக உடைந்தது. மீதிப் பாதி கருகிய வெல்லம் மாதிரி பழுப்பு. பழைய விரிசலுக்குள் போய் என் அடுப்பில் தீய்ந்த எண்ணெய். முகர்ந்து பார்த்தேன், இன்னும் மீன் வாசனை இருந்தது. விளிம்பு வரைக்கும் என் பவுடர் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

"பாத்தியாக்கா," என்றான். "எங்கெல்லாம் எண்ணெய் போச்சோ அங்கெல்லாம் இரும்ப தின்னுகீது. நீ அன்னிக்கே சொன்ன, இரும்பையே நாசம் பண்ணிடும்னு. நாந்தான் கேக்கல. மெசேஜ்லயும் எண்ணெய் எண்ணெய்னு அழுத. தப்பு என்னுதுக்கா."

இல்லடா என்றேன். விரிசல் முன்னாடியே இருந்தது, எண்ணெய் அதைக் காட்டிக்கொடுத்தது, நான்தான் பார்க்காமல் துடைத்துவிட்டேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். சிவப்புத் திரவத்தைப் பற்றிச் சொன்னேன். வெல்டிங்கே இல்லை என்று சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு என் தோளைத் தட்டி, "என்னைத் தேத்தறதுக்கு நீ இன்னா வேணா சொல்லுவக்கா, எனக்குத் தெரியாதா?" என்றான். அவன் பொண்டாட்டி என்னைப் பார்த்தாள். அவளுக்கு மட்டும் தெரியும். அவள் சாதம் போட எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். நம்பவே மாட்டேன் என்கிறான். அக்கா தப்பு செய்வாள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை, அப்படி வளர்த்து வைத்திருக்கிறேன். இப்போது தடைக் காலத்தில் காசிமேட்டுக் கரையில் உட்கார்ந்துகொண்டு, யாராவது வண்டிக்கு அடியில் மீன் எண்ணெய் டப்பாவோடு படுத்தால் கட்டையால் தட்டிக் கூப்பிடுகிறானாம். "வேணாம் மாமு, இரும்ப தின்னுடும். எங்கக்கா மணலி கம்பெனில டெஸ்ட் பண்ணவ, அவளே சொன்னா" என்று தன் காலைக் காட்டுகிறானாம்.

அந்த வண்டியைப் பிற்பாடு லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். போன மாதம் அதற்கு ஒரு லோயர் ஆர்ம் வாங்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். இனி அவன் ஓட்ட முடியாது, வேறு ஆள் வைத்துக் கரை மணலில் ஓட்டுவதாகத் திட்டம். பழைய சாமான் கடையில் எடுத்ததாம். வீட்டில் வைத்துப் பெயிண்டைத் தேய்த்து எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, துவைத்த லுங்கியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தான். பிரித்தான். காசிமேட்டுக் காற்று ஒரு ராத்திரியில் செய்ய வேண்டியதைச் செய்திருந்தது. முனைக்கு முனை செக்கச் செவேலென்று துரு.

"பாருக்கா," என்றான். "ஒரு சொட்டு எண்ணெய் வெக்கல."

துருவைத் தேய்த்து எடுத்தேன். மணலியில் செய்த மாதிரியே சிவப்பைத் தடவி, துடைத்து, வெள்ளையைத் தூவி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தேன். கோடு எதுவும் வரவில்லை. பிறகு அலமாரியிலிருந்து ரெட் ஆக்சைடு டப்பாவையும், சின்னத் துரு கூடத் தெரிகிற மாதிரி வெள்ளை எனாமல் டப்பாவையும், ஒரு பிரஷ்ஷையும் எடுத்து வைத்தேன். அவன் டப்பாவைப் பார்த்தான். அணைந்து கிடந்த அடுப்பைப் பார்த்தான். அவன் முகம் சுருங்கிப் போனது.

"பெயிண்ட்டாக்கா?" என்றான். "எனக்குப் பவுடர் போடமாட்டியா? இன்னுமா எம்மேல கோவம்?"